மலைமேல் ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று: தொற்றுக் கட்டுப்பாட்டை எங்கிருந்து புரிந்துகொள்வது?

கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்த ஒருவரை வைத்தியசாலையில் சேர்க்கிறார்கள். சேர்ந்த அன்று அவருக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. ஐந்தாம் நாள் நெஞ்சுச்சளி கட்டி நிமோனியா என்கிறார் வைத்தியர். வீட்டார் "மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் குளிர் அல்ல காரணம். அவர் அந்த நோயைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து கொண்டுவரவில்லை, வைத்தியசாலையில்தான் பெற்றுக்கொண்டார்.

இதற்குப் பெயர் வைத்தியசாலைவழித் தொற்று. அனுமதிக்கப்பட்டு 48 மணி நேரம் கடந்த பிறகு தலைகாட்டுவதும், அனுமதிக்கும்போது உடலில் இல்லாததுமான தொற்று என்பது நடைமுறை வரையறை. சத்திரசிகிச்சைக் காயம் என்றால் கணக்கு நீளும். வீட்டுக்குப் போய் 30 நாளுக்குள் காயம் சீழ் பிடித்தாலும் அது வைத்தியசாலையின் கணக்கில்தான் சேரும். உடலுக்குள் உலோகத் தகடு போன்ற ஏதேனும் பொருத்தியிருந்தால் சில சத்திரசிகிச்சைகளுக்கு இந்தக் காலம் 90 நாள் வரை போகும்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அவசர சிகிச்சை தரும் வைத்தியசாலைகளில் சேரும் ஒவ்வொரு 100 பேரிலும் வசதி படைத்த நாடுகளில் 7 பேருக்கும், நடுத்தர மற்றும் குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது. அவர்களில் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

இதைக் குறைக்கச் செய்யும் எல்லா வேலைகளையும் சேர்த்துத் தொற்றுக் கட்டுப்பாடு என்கிறோம். வேலையைச் செய்கிறோமா என்று வெளியார் வந்து பார்த்துத் தரும் சான்று தர அங்கீகாரம். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்து வைத்தியசாலைகளில் இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தாதியரையும், வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் உட்கார்ந்து விளங்காமல் தலையாட்டிக்கொண்டிருப்பவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

பதிவும் அங்கீகாரமும் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இலங்கையில் தனியார் வைத்தியசாலை நடத்த வேண்டுமென்றால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தாக வேண்டும். அது கட்டாயம். அங்கீகாரம் அப்படியல்ல, விரும்பிப் போய்க் கேட்டு வாங்குவது. கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகள் சில, அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ஜேசிஐ அமைப்பின் அங்கீகாரத்தை வாங்கியிருக்கின்றன. அது 3 ஆண்டுகள் செல்லும், பிறகு மீண்டும் சோதனை. இந்தியாவில் இதே வேலையைச் செய்வது என்ஏபிஎச். ஆய்வுகூடங்களுக்கு ஐஎஸ்ஓ 15189 என்ற தரம் தனியாக உண்டு. அதற்கு நம் நாட்டிலேயே இலங்கை அங்கீகாரச் சபை சான்று வழங்குகிறது. அரச வைத்தியசாலைகளில் தர முகாமைத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. சுகாதார அமைச்சில் இதற்கென ஒரு பணிப்பகமே உண்டு.

பெயர்கள் பல. ஆனால் எந்த அமைப்பின் கையேட்டைப் புரட்டினாலும் தொற்றுக் கட்டுப்பாட்டுக்குத் தனி அத்தியாயம் இருக்கும். அந்த அத்தியாயத்தின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மூன்று கேள்விகள் நிற்கும். என்ன செய்வதாக எழுதி வைத்திருக்கிறீர்கள்? எழுதியபடி செய்கிறீர்களா? செய்தது பலித்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் விழுகிறார்கள். பெரிய துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வருகிறார் என்றால் பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பது தோட்டத்தில் பழைய பழக்கம். அதே பழக்கத்தில் மதிப்பீட்டாளர் வரும் வாரம் சுவருக்குப் பெயின்ட், கட்டிலுக்குப் புது விரிப்பு என்று சிலர் இறங்கிவிடுகிறார்கள். அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் சுவரைப் பார்ப்பதில்லை. ஒரு நோயாளியின் கோப்பை எடுத்துக்கொண்டு, அவர் வந்த வழியெல்லாம் தானும் நடப்பார்: அவசரப் பிரிவு, சத்திரசிகிச்சைக் கூடம், வார்ட், கழிவறை. வழியில் எதிர்ப்படும் சிற்றூழியரை நிறுத்தி, "இங்கே இரத்தம் சிந்தினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார். வைத்திய அத்தியட்சகர் பக்கத்தில் நின்று பதில் சொல்ல முடியாது.

எண்ணிப் பார்த்தவர்

அந்த மூன்றாவது கேள்விக்கு எண்ணிக்கையைக் கொண்டுதான் பதில் சொல்ல முடியும். எண்ணிக்கைக்கு இவ்வளவு மரியாதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் 1847ஆம் ஆண்டின் வியன்னாவுக்குப் போக வேண்டும். அங்கே ஒரே வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். வைத்திய மாணவர்கள் பிரசவம் பார்த்த பிரிவில் தாய்மார் கூடுதலாக இறந்தார்கள், மருத்துவிச்சிகளின் பிரிவில் குறைவு. இக்னாஸ் செம்மெல்வைஸ் என்ற வைத்தியர் இரண்டையும் எண்ணி ஒப்பிட்டார். மாணவர்கள் பிரேதப் பரிசோதனை செய்த கையோடு பிரசவத்துக்கு வருவதைக் கண்டுபிடித்து, குளோரின் கரைசலில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த மரணம் ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கிருமி என்ற கருத்தே அப்போது நிலைபெறவில்லை. சக வைத்தியர்கள் பலர் அவரை ஏற்கவுமில்லை. அவர் கையில் இருந்தது கணக்கு மட்டும்.

கை

இன்றைக்கும் தொற்று அதிகம் பயணம் செய்வது கையில்தான். எப்போது கை சுத்தம் செய்ய வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களைச் சொல்கிறது: நோயாளியைத் தொடுமுன், ஊசி போடுவது, காயம் கட்டுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன், இரத்தமோ உடல் திரவமோ பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்டபின், அவரைத் தொடாவிட்டாலும் அவரது கட்டில், மேசை போன்றவற்றைத் தொட்டபின். கடைசியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கட்டில் சட்டத்தில் கை வைத்துக்கொண்டு பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகும் பழக்கம் வைத்தியர்களிடமும் உண்டு. கையுறை போட்டிருந்தால் கழுவ வேண்டாம் என்று நினைப்பதும் தவறு.

அற்ககோல் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி, சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி. நுவரெலியாவில் ஜனவரி மாதக் காலையில் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஏன் தாதியர் தயங்குகிறார்கள் என்று. விரல் மரத்து, தோல் வெடிக்கும். வெடித்த தோலில் கிருமி இன்னும் வசதியாகக் குடியேறும். ஆகவே கை கழுவும் தொட்டிகளைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் அற்ககோல் போத்தல் வைப்பதே மலையகத்தில் கூடுதலாகப் பலிக்கும் என்பது என் கருத்து. உலக சுகாதார நிறுவனம் தரும் தயாரிப்பு முறையில் கிளிசரினும் சேர்கிறது. அது தோலைக் காக்கத்தான். கையில் அழுக்கோ இரத்தமோ கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் தண்ணீரைத் தவிர்க்க முடியாது. சில வகை வயிற்றோட்டக் கிருமிகளுக்கும் அற்ககோல் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

எண்ணும் முறை இப்படி. ஒருவர் ஓரமாக நின்று பார்க்கிறார். கை சுத்தம் செய்ய வேண்டிய தருணம் 50 வந்தது, செய்தது 30 தடவை என்றால் 60 சதவீதம். யார் செய்யவில்லை என்று பெயர் எழுதுவதில்லை, எந்தத் தருணத்தில் தவறுகிறது என்பதே குறிக்கப்படும்.

உயரம் செய்யும் வேலை

கிருமிநீக்கம்தான் மலையகத்துக்கென்றே தனியாகப் பேச வேண்டிய விடயம். கொழும்பில் எழுதிய கையேட்டை அப்படியே மேலே கொண்டுவந்தால் இங்கேதான் இடறும்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் ஹட்டனில் சுமார் 96 பாகையிலும், கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகையிலும் கொதிக்கும். கத்தரிக்கோலையும் இடுக்கியையும் கொதிநீரில் போட்டு எடுப்பது பழைய முறை. கடற்கரையிலேயே அது முழுக் கிருமிநீக்கம் ஆகாது. சில பக்டீரியாக்கள் கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடக்கும் வடிவமான விதையுறைகள் 100 பாகையைத் தாங்கிக்கொள்ளும். மலையிலோ நிலைமை இன்னும் மோசம். உடலுக்குள் போகும் கருவிக்கு இந்த முறை உதவவே உதவாது.

சரி, அழுத்தமேற்றிய நீராவியால் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ் இயந்திரம் இருக்கிறதே என்கிறீர்களா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அழுத்தமானியில் முள் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைக் காட்டினால் உள்ளே 121 பாகை என்று எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். சாதாரண அழுத்தமானி காட்டுவது, வெளியே உள்ள காற்றழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். நுவரெலியாவில் வெளி அழுத்தமே குறைவு. ஆகவே முள் 15இல் நிற்கும்போது உள்ளே இருப்பது ஏறத்தாழ 118 பாகை. 121 வேண்டுமென்றால் முள் சுமார் 18க்குப் போக வேண்டும். ஆயிரம் அடிக்கு அரை இறாத்தல் கூட்டுவது என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் இயந்திரம் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளரின் குறிப்பைப் பார்க்காமல் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. வெப்பநிலையை நேரடியாக அளந்து தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் புதிய இயந்திரங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுப்பில் வைக்கும் சிறிய வகை, பழைய வகை இயந்திரங்களுக்கு உண்டு. மலையகத்தின் சிறு மருந்தகங்களில் இவ்வகைதான் கையில் கிடைப்பது.

தரச் சோதனையில் இதனால்தான் முள்ளை மட்டும் யாரும் நம்புவதில்லை. பொதிக்கு வெளியே ஒட்டும் கோடு போட்ட நாடா நிறம் மாறினால், பொதி இயந்திரத்துக்குள் போய் வந்தது என்று மட்டுமே பொருள். உள்ளே வைக்கும் இரசாயனப் பட்டி வெப்பமும் நேரமும் போதுமா என்று காட்டும். கடைசி வார்த்தை உயிரியல் சோதனைக்கு உரியது. வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒரு பக்டீரியாவின் விதையுறைகளைக் குப்பியில் அடைத்து உள்ளே வைத்து எடுத்து, பிறகு வளர்த்துப் பார்ப்பார்கள். வளரவில்லை என்றால் இயந்திரம் சரி. இந்த மூன்றின் முடிவும் தேதியோடு பதிவேட்டில் இருக்க வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் இவ்வளவு பாடு வேண்டியதில்லை. உடலைக் கிழித்து உள்ளே போவதற்கு முழுக் கிருமிநீக்கம். வாய், தொண்டை போன்ற மென்சவ்வைத் தொடுவதற்கு, விதையுறைகள் சில தவிர மற்றக் கிருமிகளை அழிக்கும் உயர்நிலைத் தொற்றுநீக்கம். தோலை மட்டும் தொடும் இரத்த அழுத்தப் பட்டி, ஸ்டெதஸ்கோப் போன்றவற்றுக்குத் துடைத்துச் சுத்தம் செய்தாலே போதும். ஸ்போல்டிங் என்ற அறிஞர் வகுத்த இந்த மூன்று படிநிலையை இன்றும் உலகம் முழுவதும் பின்பற்றுகிறார்கள். எந்தப் படியாக இருந்தாலும் முதலில் அழுக்கைக் கழுவ வேண்டும். காய்ந்த இரத்தத்தின்மேல் எந்த மருந்தும் சரியாக வேலை செய்யாது.

ஈரமும் ஜன்னலும்

கிருமிநீக்கிய பொதி நனைந்தால் அது கிருமிநீக்கிய பொதி அல்ல. ஈரத் துணிவழியே கிருமி உள்ளே புகும். மழைமாதங்களில் மூடுபனி வராந்தாவரை வந்துவிடும் ஊர்களில் இது நாள்தோறும் உள்ள பிரச்சினை. பொதியை நிலத்திலோ வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியிலோ வைக்காமல், சுவரிலிருந்து தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி, கதவுள்ள அலுமாரியில் வைப்பதும், அறையின் ஈரப்பதத்தை அளந்து எழுதுவதும் பெரிய செலவு இல்லாத தீர்வு. கட்டில் விரிப்புகளும் அப்படியே. வெயில் வரும் என்று காத்திருந்து அரைகுறையாகக் காய்ந்ததை விரிப்பதைவிட ஒரு உலர்த்தி இயந்திரத்துக்கு அபிவிருத்திக் குழு பணம் சேர்க்கலாம். கட்டடத்துக்குப் புது முகப்புக் கட்டுவதைவிட அது மேல்.

ஜன்னல் விடயம் இன்னும் சிக்கலானது. காசநோய் காற்றில் பரவுவது. நெருக்கமான லய அறைகளில் வாழும் மக்களிடையே அதைச் சந்தேகிக்காமல் இருக்க முடியாது. காற்றோட்டம்தான் அதற்கு மலிவான பாதுகாப்பு. காற்றால் பரவும் நோயுள்ளவர் இருக்கும் அறைக்கு, இயற்கைக் காற்றோட்டம் என்றால் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 160 லீற்றர் காற்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைத்தால் இதை எட்டலாம். ஆனால் இரவு 10 பாகைக் குளிரில் யார் திறப்பார்? நோயாளி மூடச் சொல்வார், அவரைப் பார்த்துக்கொள்ள நிற்கும் அம்மாவோ அக்காவோ முதலில் போய் மூடுவார். மூடிய வார்டில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும் பங்கு.

இதற்கு அறிவிப்புப் பலகை தீர்வாகாது. நீண்ட நாள் இருமலோடு வருபவரை வாசலிலேயே அடையாளம் கண்டு, சாதாரண முகக்கவசம் கொடுத்து, தனி அறையில் இருத்த வேண்டும். அந்த அறையின் வெளி ஜன்னல் திறந்திருக்க வேண்டும், நடைபாதைப் பக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். அவருக்குக் கூடுதல் கம்பளி கொடுக்க வேண்டும். உள்ளே போகும் ஊழியர் நுண்துகளை வடிகட்டும் என்95 கவசம் அணிய வேண்டும். பொது வார்டில் குறிப்பிட்ட சில ஜன்னல்களையாவது முழுதாக மூட முடியாதபடி கட்டை அடித்துவிட்டு, அவற்றுக்கு நேரே கட்டில் போடாமல் இருக்கலாம். தரக் கையேட்டில் கட்டை பற்றி எழுதியிருக்காது. காற்றோட்டம் வேண்டும் என்று மட்டுமே எழுதியிருக்கும். அதை எப்படி நிறைவேற்றுவது என்பது அந்தந்த ஊரின் புத்தி.

தண்ணீரும் அதே கதை. ஊற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ எடுக்கும் தண்ணீர் பெருமழைக்குப் பின் கலங்கிச் சிவந்து வரும். கலங்கல் குளோரினைத் தின்றுவிடும். வழக்கமான அளவு குளோரின் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்க முடியாது. குழாய் முனையில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சக் குளோரின் இருக்கிறதா என்று அளக்க வேண்டும், மழைநாளில் கட்டாயம் அளக்க வேண்டும். மண்சரிவில் குழாய் உடைந்தால் எத்தனை நாளைக்குத் தாங்கியில் தண்ணீர் இருக்கும் என்பதற்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

கழிவுக்கு வாளி நிறங்கள் உண்டு. தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், சாதாரணக் குப்பைக்குக் கறுப்பு என்று தொடங்கும் பட்டியல் எல்லா வார்டிலும் தொங்குகிறது. படித்துக்கொள்ளலாம். ஊசிப் பெட்டி முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிட வேண்டும், பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. இவ்விரண்டையும் மறக்காமல் இருந்தாலே ஊசி குத்தும் காயம் வெகுவாகக் குறையும்.

வீட்டுக்குப் போனபின் தெரியாமற்போவது

தொற்று வீதத்தைக் கணக்கிடுவது எளிது. சிறுநீர்க் குழாய் பொருத்திய நோயாளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு காலாண்டில் 600 நாள் குழாயோடு இருந்தார்கள், 3 பேருக்குத் தொற்று வந்தது என்றால், 3ஐ 600ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்க வேண்டும். ஆயிரம் குழாய் நாளுக்கு 5. வெறும் "மூன்று பேர்" என்பதில் பொருளில்லை, நாளோடு சேர்த்தால்தான் சென்ற காலாண்டோடு ஒப்பிடலாம். "இன்றைக்கும் இந்தக் குழாய் வேண்டுமா?" என்று ஒவ்வொரு காலையும் கேட்டு, வேண்டாததை எடுத்துவிட்டாலே தொற்று குறையும்.

சத்திரசிகிச்சைக் காயத்தின் கணக்குத்தான் மலையகத்தில் பொய்யாகிவிடுகிறது. சிசேரியன் முடிந்து சில நாளில் தாய் வீட்டுக்குப் போய்விடுகிறார். வீடு தோட்டத்தின் மேல் டிவிஷனில், அதாவது மேல் பிரிவில். எட்டாம் நாள் காயம் சிவந்து நீர் கசிகிறது. மீண்டும் வைத்தியசாலைக்கு வர முச்சக்கரவண்டிக் கூலி, ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும் கவலை. பக்கத்துத் தோட்ட மருந்தகத்தில் மருந்து கட்டிக்கொள்கிறார். காயம் ஆறிவிடுகிறது. வைத்தியசாலையின் பதிவேட்டில் அந்தத் தாய்க்குத் தொற்றே வரவில்லை. வருட இறுதியில் "சத்திரசிகிச்சைத் தொற்று 0" என்று பெருமையோடு வரைபடம் போடுவார்கள். பூச்சியத்தைக் கண்டால் நல்ல மதிப்பீட்டாளர் மகிழ்வதில்லை, எப்படித் தேடினீர்கள் என்று கேட்பார்.

தேடும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது. தோட்ட வைத்திய உதவியாளரும் குடும்பநல உத்தியோகத்தரும் அந்த வீட்டைத் தெரிந்தவர்கள். வீட்டுக்குப் போகும் தாயின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, காயம் பார்ப்பவர் அதில் நான்கு கேள்விக்குக் குறியிட்டுத் தொலைபேசியில் சொன்னால் போதும்: காய்ச்சல் உண்டா, சிவப்பு உண்டா, சீழ் உண்டா, தையல் பிரிந்ததா. சீட்டு தமிழில் இருக்க வேண்டும். நோயாளிக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் கொடுத்தீர்களா என்பதும் தரக் கையேடுகள் கேட்கும் கேள்விதான். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் அச்சடித்த அறிவுரைத் தாளைத் தோட்டத்துத் தாயிடம் நீட்டிவிட்டு அறிவுறுத்தல் வழங்கப்பட்டது என்று கோப்பில் குறியிடுவது எனக்கு எரிச்சலூட்டும் காரியம்.

ஊழியரும் நோயாளிதான்

தொற்று ஊழியர் பக்கமும் பாயும். ஹெப்பட்டைட்டிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், நோய் ஒட்டும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம். எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். தாதியருக்குத் தடுப்பூசி போட்டு, ஊசிப் பெட்டியைத் தூக்கிச் செல்லும் சிற்றூழியரை விட்டுவிடும் இடங்கள் உண்டு. அங்கீகாரத் தரம் எல்லா ஊழியரையும் கேட்கும், ஒப்பந்தத் துப்புரவு ஊழியர் உட்பட. ஊசி குத்தினால் பிதுக்கக் கூடாது, சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே அறிவிக்க வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இயன்றவரை சில மணி நேரத்துக்குள், பிந்தினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். மலையகத் தோட்டப் பகுதியான பொகவந்தலாவையில் இரவு பதினொரு மணிக்கு ஊசி குத்தினால் முதல் வேளை மருந்து எங்கே கிடைக்கும், யாரை அழைப்பது என்று இரவுப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும் அளவு பணமோ ஆளோ இல்லாத பிரதேச வைத்தியசாலையும் இன்றே தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் தொற்றுக் கட்டுப்பாட்டுச் சுயமதிப்பீட்டுப் படிவம் இலவசம். எட்டுப் பகுதி, பகுதிக்கு 100 புள்ளி, மொத்தம் 800. இருநூறு வரை போதாது, நானூறு வரை அடிப்படை, அறுநூறு வரை இடைநிலை, அதற்கு மேல் உயர்நிலை. தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி உத்தியோகத்தரோடு ஓட்டோகிளேவ் இயக்குபவரையும், வார்ட் சிற்றூழியர் ஒருவரையும், தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொள்பவரையும் ஒரு பிற்பகல் சேர்த்து உட்கார வைத்து நிரப்பினால் புள்ளி உண்மையாக வரும். அத்தியட்சகர் அறையில் தனியாக உட்கார்ந்து நிரப்பினால் புள்ளி கூடுதலாக வரும்.